பேர் சொல்லாத ஜெபம்

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் கூட்டத்தில் பெரியவள் பேச வேண்டிய தலைப்பு இது: விசுவாசிகள் ஏன் வழிவிலகிப் போகிறார்கள்? தலைப்பைக் கொடுத்தவர் போதகர். அவர் உள்ளர்த்தம் வைத்துக் கொடுக்கவில்லை, சூதுவாது தெரியாத மனிதர். ஆனாலும் அறிவிப்பு வந்ததும் பெஞ்சுகளில் நாலைந்து பேர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டதைப் பெரியவள் கவனிக்காமல் இல்லை. கூடப் பிறந்த தங்கச்சியே சபைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, இவள் நமக்குப் புத்தி சொல்லப் போகிறாளாக்கும் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்காவும் தங்கையும் வேலை பார்ப்பது ஒரே சலவைக் கூடத்தில். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உருளை இஸ்திரியில் விட்டு, மடித்து அனுப்புகிற இடம். மடிப்பது இவர்கள் பொறுப்பு. உருளையிலிருந்து விரிப்பு ஆவி பறக்க வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஓர் உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் விலகிப் போய் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க நெருங்குவதும் விலகுவதும்தான். "கட்டின பொண்டாட்டி முகத்தைக்கூட நான் இத்தனை தடவை பார்த்தது கிடையாது" என்று டிரையரில் நிற்கிறவர் கேலி பண்ணுவார். பெரியவளுக்கு அல்லேலூயா அக்கா என்று பட்டம் சூட்டியதும் அவர்தான். அதைப் பெரியவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

அம்மா இல்லாத வீட்டில் தங்கச்சியை இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் பெரியவள். கணவன் போய்ச் சேர்ந்து, பிள்ளைகுட்டி என்று எதுவும் தங்காமல், நடுவழியில் நின்றபோது அவளைத் தாங்கிப் பிடித்தது சபை. சபை கூடுகிற மாடி ஹாலுக்குத் தங்கச்சியைக் கைபிடித்துக் கூட்டிப்போனவளும் அவளே. தங்கச்சி, அவள் புருஷன், பிள்ளை என்று மூன்று பேரும் தன் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து பாடும்போது அவளுக்கு வயிறு குளிர்ந்துபோகும். விலகிப் போனவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்பது மற்றவர்களுக்கு ஒரு பிரசங்கப் பேச்சு. பெரியவளுக்கு அது நிஜம். தங்கச்சி அங்கே போய்விடுவாளே, நாம் தூக்கி வளர்த்தது இதற்குத்தானா என்று நினைத்து, சில நாள் சோறு இறங்காமல் எழுந்திருக்கிறாள்.

அதனால் தலைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை. ஞாயிற்றுக்கிழமை தான் பேச எழும்போது முன்வரிசையில் சின்னவள் உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சு எப்படிப் போனாலும் பரவாயில்லை, அவள் வந்துவிட்டால் போதும்.

வழிவிலகுவதற்கான காரணங்கள் பெரியவளிடம் தயாராக இருந்தன: உலக ஆசை, கெட்ட சகவாசம், கைபேசி, மறைத்து வைத்த பாவம். ஒவ்வொன்றாக எடுத்துத் தங்கச்சி மேல் வைத்துப் பார்த்தாள். உலக ஆசை என்றால், பாவம், நல்லதாக உடுத்திக்கொள்ள அவளிடம் நாலு துணிகூடக் கிடையாது. கெட்ட சகவாசம் என்றால், காலையிலிருந்து சாயங்காலம் வரை அவளுக்கு வாய்த்த ஒரே சகவாசம் பெரியவள்தான். கைபேசியோ உடைந்த கண்ணாடியோடு அழைப்பு வந்தால் கத்தும், அதற்கு மேல் ஒன்றுக்கும் உதவாது. ஆக மிச்சம் இருந்தது மறைத்து வைத்த பாவம் ஒன்றுதான். கழித்துக் கழித்துப் பார்த்துத்தான் பெரியவள் இந்த முடிவுக்கு வந்தாள். வந்த பிறகு அது அவளுக்குக் கல்வெட்டு மாதிரி ஆகிவிட்டது.

சனிக்கிழமை மதியத்துக்கு முன்னால், மருத்துவமனை விரிப்புகள் ஓடிக்கொண்டிருந்தபோது, பேச்சை எடுத்தாள். நாளைக்கு நான் பேசுகிறேன், நீ வந்து முன்னால் உட்கார வேண்டும் என்றாள். வரவில்லை அக்கா என்றாள் சின்னவள். மூன்று மாதமாக இதே இரண்டு வார்த்தைதான். ஏன் என்று கேட்டால் விரிப்பின் முனையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், உதறுவாள், மடிப்பாள், நெருங்கி வந்து முனையைக் கொடுத்துவிட்டு விலகிப் போவாள். அழுத்தக்காரி. சின்ன வயதில் முழங்கால் கிழிந்து வந்தபோதும் இப்படித்தான் நின்றாள்.

பெரியவள் அடுத்த விரிப்பை உதறினாள். இருவரும் நெருங்கி வந்தார்கள். முகத்துக்கு நேராக முகம் வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நீ எதையோ மறைச்சு வச்சிருக்கே. உள்ளுக்குள்ள ஒரு பாவம் இருக்கு. எனக்கு ஜெபத்துல காட்டப்பட்டுச்சு."

காட்டப்படவெல்லாம் இல்லை. ஆனால் அவர்கள் சபையில் ஒரு யோசனை பலமாகத் தோன்றிவிட்டால் அதை இப்படிச் சொல்லித்தான் பழக்கம். அப்படிச் சொல்லும்போது பெரியவள் பொய் சொல்கிறோம் என்று நினைத்ததே இல்லை.

சின்னவள் கையிலிருந்த முனைகளை விட்டுவிட்டாள்.

வெள்ளை விரிப்பு பாதிக்கு மேல் ஈரத்தரையில் விழுந்து அழுக்குத் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் இவர்கள் கையிலிருந்து ஒரு விரிப்புகூடத் தரையில் விழுந்தது கிடையாது. டிரையர்க்காரர் வாயைப் பிளந்தபடி பார்த்தார். கேலி பண்ண அவருக்கும் வரவில்லை. மேற்பார்வையாளர் வந்து, இரண்டு பேரும் இதைக் கொண்டுபோய்த் திரும்பத் துவைத்து எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் கணக்கில் வராது என்று எரிந்துவிழுந்தார்.

துவைக்கிற பகுதி பின்பக்கம். அங்கே மெஷின்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசினாலே கேட்காது. அதனாலோ என்னவோ, விரிப்பை உள்ளே போட்டு மூடியை அடைத்ததும் சின்னவள் அக்காவின் காதுக்கருகே வந்து பேசினாள்.

"சிட்டு அவங்கப்பா கையால சாப்பிட்டு மூணு மாசம் ஆச்சு. தெரியுமா உனக்கு?"

சிட்டு என்பது சின்னவளின் மகள். எட்டு வயது. பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவும் மகளும் நகமும் சதையும் மாதிரி. சின்னவள் விடிந்தும் விடியாமலும் வேலைக்கு ஓடி வந்துவிடுவதால், பிள்ளையை எழுப்பிக் குளிக்க வைத்து, தலை பின்னி, ஊட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவது அப்பாதான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனிதர், விரலெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்திருக்கும். அந்த விரலால் அவர் பின்னுகிற பின்னல் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும்.

இப்போது பக்கத்து வீட்டு அம்மாதான் தலை பின்னிவிடுகிறாள் என்றாள் சின்னவள். அவர் இருக்கிற அறையில் பிள்ளை தனியாக இருப்பதில்லை. அவர் கை பட்டால் உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது. அவர் தட்டில் போட்டு வைத்தால் தொடுவதில்லை, அம்மா வரட்டும் என்று பசியோடு உட்கார்ந்திருக்கிறது.

எங்கேயோ போகக் கூடாத இடத்துக்கு பெரியவளின் நினைப்பு போய்விட்டது. "ஏன்டீ, அவர் ஏதாச்சும்..." என்று இழுத்தாள்.

சின்னவள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "பாத்தியா. உனக்கு உடனே அங்கதான் புத்தி போகுது."

சின்னவள் மெஷின் மூடியைப் பார்த்தபடி மிச்சத்தைச் சொன்னாள். சண்டே ஸ்கூலில் ஒருநாள் டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து, சிட்டுவை நடுவில் நிற்கவைத்திருக்கிறாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சிட்டுவின் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணியிருக்கிறார்கள். இவள் அப்பாவைப் பிடித்திருக்கிற மரண ஆவி இவளைத் தொடக் கூடாது என்று. அது தூங்குகிற வீட்டில் இவள் பயப்படாமல் தூங்க வேண்டும் என்று. வீட்டுக்கு வந்த பிள்ளை வாசலிலேயே நின்று, அப்பா உள்ளே இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறது.

கேட்கக் கேட்கப் பெரியவளுக்கு ரத்தம் கொதித்தது. குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது? அந்தச் சண்டே ஸ்கூல் டீச்சரைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும், வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பக்கத்தில் உட்காருகிறவள். நாளைக்கே அவளை நாலு பேருக்கு முன்னால் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் பார் என்று பொரிந்து தள்ளினாள்.

"அவளுக்கு யாரு சொன்னா இதை? டாக்டருக்கும் உனக்கும் எனக்கும் தவிர வேற ஒரு ஜீவனுக்கும்..."

சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மெஷின் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். போன வருஷம் லிஃப்ட் குழிக்குள் விழுந்து சின்னவள் புருஷனோடு வேலை பார்த்த கூட்டாளி செத்துப்போனான். கூட நின்றவர் இவர். தப்பு இவருடையது இல்லை என்று எல்லாரும் சொல்லியும் அவர் மனசு அதை ஏற்கவில்லை. பேச்சு குறைந்தது, தூக்கம் போனது, கடைசியில் ஒருநாள் உயிரை விடத் துணிந்துவிட்டார். கரண்ட் போய் சலவைக் கூடம் சீக்கிரம் மூடியதால் சின்னவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள், அவர் பிழைத்தார். டாக்டர் மாத்திரை கொடுத்தார், பேசிப் பேசித் தேற்றினார். மெல்ல மெல்ல மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லாதே, என் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று மனைவியின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். சின்னவளும் வாரக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்துப் பூட்டினாள். தாங்க முடியாத ஒருநாள், விரிப்பின் முனையைச் சேர்க்க நெருங்கி வந்த இடத்தில், அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டாள். அக்காவிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாள்?

அக்கா அதை வெள்ளிக்கிழமை கொண்டுபோய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஜெபக்குறிப்பு சொல்வார்கள். யார் வீட்டில் என்ன கஷ்டம், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னதும், பெரியவள் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிப்பாள். அவள் ஜெபம் என்றால் கல்லும் கரையும். போகிறபோக்கில் 'அந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும்' என்று முடிக்கிற ரகம் இல்லை அவள். என்ன நடந்தது, எப்படி நடந்தது, அந்த வீட்டில் யார் எப்படி அழுதார்கள் என்று எல்லாவற்றையும் கடவுளுக்கு விவரமாக எடுத்துச் சொல்வாள், என்னமோ கடவுள் அந்த நேரம் வெளியூர் போயிருந்த மாதிரி. அன்றைக்குத் தங்கச்சி புருஷனுக்காக அவள் ஜெபித்தபோது அறையில் அழாதவர்கள் இல்லை. அவரைத் துரத்துகிற மரண ஆவியைக் கட்டளையிட்டு விரட்டினாள். அந்த ஆவி அந்தப் பச்சைக் குழந்தையைத் தொடாமல் காத்துக்கொள்ளும் என்று தொண்டை கிழியக் கதறினாள். மனசார, தங்கச்சிக்காக, உயிரைக் கொடுத்து ஜெபித்தாள். ஜெபம் முடிந்தபோது அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது.

எல்லாம் அப்படியே இப்போது அவள் காதில் கேட்டது. அந்தச் சூட்டிலும் ஆவியிலும் நின்றுகொண்டு அவளுக்குக் குளிர் எடுத்தது.

"நான் பேரே சொல்லலையேடீ," என்றாள். அதுதான் அவர்கள் வட்டத்தின் சட்டம். பேர் சொல்லக் கூடாது. பேர் சொன்னால் புறணி, சொல்லாவிட்டால் ஜெபம். "சத்தியமா நான் யாரு பேரையும் சொல்லலை. என் கூடப் பிறந்தவளோட புருஷன்னுதான் சொன்னேன்."

"உனக்கு எத்தனை தங்கச்சிக்கா?"

பெரியவள் பக்கத்திலிருந்த துணிக் கூடையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு தங்கச்சி. அவளுக்கு ஒரே ஒரு புருஷன், ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை அப்போது சண்டே ஸ்கூலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஞானதிருஷ்டியா வேண்டும்? இத்தனை வருஷமாக எத்தனை 'ஒரு சகோதரி'க்காக, எத்தனை 'ஒரு குடும்ப'த்துக்காக அந்த வட்டத்தில் ஜெபித்திருக்கிறாள். அதில் எத்தனை பேர் பிறகு வராமல் போனார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். பிளவுஸ் தைக்கிறவள் வரவில்லை. மகன் சிறைக்குப் போனவள் வரவில்லை. குழந்தை தங்காமல் போனவள் வரவில்லை. அவர்கள் வீடுகளுக்கெல்லாம் போய், உலக ஆசையா, கெட்ட சகவாசமா என்று விசாரித்து வந்தவளும் இவளேதான். ஐயோ என்று நெஞ்சில் கைவைத்தாள்.

"இத்தனை நாளா ஏன்டீ என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அடுத்த வெள்ளிக்கிழமை அதுவும் ஜெபத்துல வந்திருக்கும்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பெரியவள் மெதுவாகக் கேட்டாள், கடவுள் மேல் கோபமா என்று. கோபமெல்லாம் இல்லை என்றாள் சின்னவள்.

"ஜெபம் பண்ணலாம்னு கண்ணை மூடினா உன் குரல்தான்க்கா கேக்குது. அன்னைக்கு நீ எப்படிக் கத்தியிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல என்னால அங்க யாரோடயும் பேச முடியலை. கடவுளோடயும்தான்."

பிறகு, அக்கா கேட்காமலே தானாகவே கடைசி விஷயத்தையும் சொன்னாள். பிள்ளை ஏன் ஒதுங்குகிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது. சொன்னால், தன் ரகசியம் ஊர்வாயில் விழுந்ததும் தெரிந்துபோகும் என்று சின்னவள் மறைத்துவிட்டாள். தான் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்று அவர் தன்னையே தின்றுகொண்டிருக்கிறார். போன வாரம் சாப்பிடும்போது, நான் இல்லாவிட்டால் அவள் நிம்மதியாக இருப்பாள்போல என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுச் சாதாரணமாகத் தண்ணீர் குடித்தாராம்.

"நீ பிள்ளைகிட்ட எடுத்துச் சொல்லலாம்ல?"

"சொன்னேன். பத்துத் தடவை சொன்னேன். பெரியம்மாவே ஜெபத்துல சொன்னாங்களாம், பெரியம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னு என்கிட்டயே திருப்பிச் சொல்றா."

துவைத்த விரிப்பை எடுத்துக்கொண்டு இருவரும் முன்னால் போனார்கள். நெருங்கி வரும்போதெல்லாம் பெரியவள்தான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். நாளைக்குப் பேச வேண்டிய பேச்சு ஒருமுறை நினைவுக்கு வந்தது. தயாராக வைத்திருந்த காரணங்களில் ஒன்றையும் இனி வாயால் சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் தங்கச்சியோடு நேராக அவள் வீட்டுக்குப் போனாள். இரண்டே அறை. முன்னறையில் மேசை மேல் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார் தங்கச்சி புருஷன். வாங்கக்கா என்று எழுந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சபைக்கு வராததால் பெரியவள் இவரைப் பார்த்தே நாளாகியிருந்தது. உள்ளறையில், கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு, வாசல் கண்ணில் படுகிற மாதிரி சுவரோரம் உட்கார்ந்து சிட்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். எட்டு வயதுப் பிள்ளை அப்பா இருக்கிற வீட்டில் ஓடுவதற்கு வழி பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். ஆனால் அவளுக்கே தெரியாமல் ரகசியமும் தனியாகப் பேசுவதும் பிடிக்காமல் போயிருந்தன. பிள்ளையைக் கூப்பிட்டு முன்னறையில் நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரில் தான் தரையில் உட்கார்ந்தாள். பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தாள்.

"சிட்டு, உங்கப்பாவைப் பத்தி நான் வெள்ளிக்கிழமை ஜெபத்துல சொன்னது பொய். அவருக்குள்ள எந்த ஆவியும் இல்லை. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அப்பாவுக்கு உடம்பு முடியாம இருந்துச்சு. மனசு முடியாம இருந்துச்சு. டாக்டர் மருந்து குடுக்கிறாங்க. அவ்வளவுதான்."

மேசையில் ஏதோ உருண்டு கீழே விழுந்தது. தங்கச்சி புருஷன் கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றார். முதலில் பெரியவளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை ஜெபத்துலயா என்று கேட்டார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. எல்லார் முன்னாலயுமா என்று கேட்டார். பெரியவள் ஆமாம் என்றாள். அவர் நிலைதடுமாறி ஸ்டூலில் உட்கார்ந்தார். சத்தம் போடுவார், அடிக்க வருவார், எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று பெரியவள் காத்திருந்தாள். அவரோ மகளையே பார்த்துக்கொண்டு, "அதுக்காகவாடா? அதுக்காகத்தான் அப்பாகிட்ட வரலையா?" என்றார். அவர் முகத்தில் அதிர்ச்சியும் ஆறுதலும் ஒன்றாக வந்து நின்றதைப் பெரியவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சிட்டுவுக்கு வேறொரு விசாரணை பாக்கி இருந்தது. பெரியம்மாவையே உற்றுப் பார்த்தபடி கேட்டாள்:

"ஜெபத்துல இயேசப்பாகிட்டதானே பேசுவோம்? அவர்கிட்டயேவா பொய் சொன்னீங்க?"

"ஆமாடா. தெரியாம சொல்லிட்டேன்."

"அப்போ மத்ததும் பொய்யா?"

மத்தது என்றால் எது என்று கேட்க வேண்டியதில்லை. பாட்டு, கதைகள், தூங்குமுன் சொல்கிற ஜெபம், செத்தவர்கள் போகிற இடம், எல்லாமே இந்தப் பிள்ளைக்குப் பெரியம்மா சொல்லிக் கொடுத்ததுதான். பெரியவளே காலையிலிருந்து தனக்குள் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வியை இந்தப் பொடிசு நடுவீட்டில் போட்டு உடைத்துவிட்டது.

"இல்லைன்னு சொல்லுங்கக்கா," என்றார் தங்கச்சி புருஷன். கெஞ்சுகிற குரல். "மத்தது பொய் இல்லைன்னு அவகிட்ட சொல்லுங்க. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. தினமும் காலையில இவ கிளம்பிப் போன பிறகு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் வேலைக்குப் போறேன்."

சின்னவள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மனைவி விட்டுவிட்டதை, சபை கூறுபோட்டதை, பேய் பிடித்தவன் என்று பேர் வாங்கிய அந்த மனிதர் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பொய் இல்லடா," என்றாள் பெரியவள். "மத்ததெல்லாம் உண்மை."

சிட்டு அவள் வாயைப் பார்த்தாள். அந்த வாயை நம்புவதா வேண்டாமா என்று கணக்குப் போடுவதுபோல் இருந்தது. பிறகு திரும்பி, மூன்று மாதத்தில் முதல் தடவையாக அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, "நிஜமாவாப்பா?" என்று கேட்டாள்.

"எனக்கு நிஜம்தான்டா," என்றார் அவர்.

சிட்டு நாற்காலியை விட்டு இறங்கி அவர் அருகில் போய் நின்றாள். தொடவில்லை, ஆனால் நின்றாள். அவரும் கையை நீட்டவில்லை. நீட்டினால் ஓடிவிடுமோ என்று பயந்தவர்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை தானாகவே அவர் முழங்காலில் சாய்ந்தது. சின்னவள் சுவரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

பெரியவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொலைந்தது என்று நினைத்தது கண்ணெதிரே திரும்பிக் கிடைத்திருக்கிறது. தரையிலிருந்து எழுந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிய, கைகள் தாமாகவே உயர்ந்தன, கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. இப்படி ஒரு நேரத்தில் வேறென்ன செய்வதென்று அந்த உடம்புக்குத் தெரியாது.

"அன்புள்ள பரலோகப் பிதாவே, இந்த வீட்டுல இத்தனை நாளா தகப்பனைப் பார்த்து நடுங்கிக்கிட்டிருந்த..."

பாதி வாக்கியத்தில் ஏதோ வந்து வாயை அடைத்தது. தங்கச்சியின் கை என்றுதான் முதலில் நினைத்தாள். கண்ணைத் திறந்தால் சிட்டு. அப்பாவை விட்டு ஓடி வந்து, நாற்காலி மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் பெரியம்மாவின் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"வேணாம் பெரியம்மா," என்றாள். "எங்கப்பாவைச் சொல்லாதீங்க."

பெரியவள் சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பிள்ளை நம்பவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றது.